துடைப்பம் வரலாம், தொட்டில் வரக்கூடாதா?

எங்கள் நகரத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கு வேலை விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் எந்த அங்கன்வாடியும் திறந்திருக்காது. கைக்குழந்தையை யாரிடம் விடுவது? நாங்கள் மாலைநேரப் படிப்பு மையம் நடத்திய காலத்தில், படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்க் காரணம் கேட்டோம். பல வீடுகளில் பதில் ஒன்றுதான்: அம்மா துடைப்பத்தோடு போனால், அக்கா தம்பியோடு இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது.

அதனால்தான் குழந்தைகள் காப்பகம் என்ற யோசனை வந்தது. இது யாரிடமும் கையேந்தும் விஷயமில்லை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. நகராட்சியிடம் கேட்டோம். ஒப்பந்ததாரரைக் கைகாட்டினார்கள். ஒப்பந்ததாரரிடம் போனோம். அவர் நகராட்சியைக் கைகாட்டினார். நான்கு மாதம் இப்படி அலைந்த பிறகு, நாமே ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்போம் என்று முடிவு செய்தோம்.

வீடு எங்கே என்பதுதான் கேள்வி. அக்காமார் வசிக்கும் காலனி நகரத்தின் ஒரு கோடியில் இருக்கிறது. அவர்கள் பெருக்கும் தெருக்கள் மறுகோடியில். தாய்ப்பால் கொடுக்கும் பெண் இடைவேளையில் ஓடிவந்து குழந்தையைப் பார்க்க வேண்டுமானால், காப்பகம் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எதற்கு என்று தெரிந்தே, தன் வீட்டின் தரைத்தளத்தை எங்களுக்குத் தரச் சம்மதித்தார்.

அது முழுமைத் திட்டத்தில் குடியிருப்புப் பகுதி. வீட்டைக் காப்பகமாக மாற்றிப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். வரைபடம், பத்திர நகல், சொத்து வரி ரசீது, உரிமையாளரின் சம்மதக் கடிதம் என்று எல்லாவற்றையும் இணைத்து விண்ணப்பம் கொடுத்தோம். பத்து நாளில் அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கத்திடமிருந்து ஆட்சேபணை மனு போனது. 41 கையெழுத்து.

மனுவில் சாதி என்ற சொல் எங்கும் இல்லை. சத்தம் வரும் என்றிருந்தது. வாகன நெரிசல் ஏற்படும், சாக்கடை அடைக்கும், பகுதியின் அமைதி கெடும், மனை மதிப்பு குறையும் என்றெல்லாம் இருந்தது. எந்த வாகனம்? எங்கள் அக்காமார் நடந்தோ குப்பைத் தள்ளுவண்டியோடோதான் வருவார்கள். சங்கத்தின் பெரியவர் ஒருவர் மிகவும் அன்பாகவே பேசினார்: "தம்பி, எங்களுக்கு எந்த வித்தியாசமும் கிடையாது. ஆனா உங்க ஏரியாவிலேயே வச்சா அந்தப் பிள்ளைங்களுக்கும் வசதிதானே?"

அதிகாரியும் அதையே வேறு விதமாகச் சொன்னார். உரக்கிடங்கை ஒட்டி நகராட்சிக்குச் சொந்தமான ஒரு கொட்டகை சும்மா கிடக்கிறது, வாடகை வேண்டாம், அனுமதி உடனே தருகிறோம் என்றார்.

அன்று இரவு காலனியில் கூடிப் பேசினோம். எளிதான கூட்டமில்லை அது. கையில் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு ஓர் அக்கா எழுந்து கேட்டார்: "குடுக்கிறத வாங்கிக்கலாமே. உங்க போராட்டம் முடியற வரைக்கும் எம் பிள்ளை இப்படியே குழந்தையா இருக்குமா?" எங்களில் யாரிடமும் பதில் இல்லை. பிறகு இன்னொரு அக்கா சொன்னார்: "பத்து வருசமா அந்தத் தெருவைப் பெருக்குறேன். அவங்க வீட்டுக் குப்பையை இந்தக் கையாலதான் வாங்குறேன். அப்பல்லாம் கெடாத அமைதி, எம் பிள்ளை போய்த் தூங்கினா கெட்டுருமா? எம் பிள்ளையும் குப்பைமேட்டுலதான் வளரணுமா?" கொட்டகை வேண்டாம் என்று கூட்டம் முடிவெடுத்தது. முதலில் பேசிய அக்காவும் கை தூக்கினார். ஆனால் அவர் முகத்தை நாங்கள் மறக்கவில்லை.

அதன் பிறகு கோஷம் போடுவதைவிடக் கோப்புகளைத் தேடுவதில்தான் அதிக நேரம் போனது. அதே குடியிருப்புப் பகுதியில், மூன்று தெரு தள்ளி, ஒரு தனியார் பிளே ஸ்கூல் நடக்கிறது. காலையில் வேன்கள் வரிசைகட்டி நிற்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, அந்த அனுமதிக் கோப்பைப் பார்வையிட விண்ணப்பித்தோம். சட்டப்படி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 29ஆம் நாள் அழைத்தார்கள். கோப்பில் ஒரு ஆட்சேபணைகூட இல்லை. சத்தம் பற்றியோ வேன் பற்றியோ யாரும் ஒரு வரி எழுதவில்லை.

எங்களுக்கு உதவிய வழக்கறிஞர் தோழர், இதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது என்றார். கறுப்பின மக்கள் வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள தெருக்களில் குடியேறக் கூடாது என்று லூயிவில் நகரம் வெளிப்படையாகவே சட்டம் போட்டது. 1917-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிறத்தைச் சொல்லித் தடுக்க முடியாது என்றானதும், மனையின் அளவு, கட்டடத்தின் வகை என்று வேறு பெயர்களில் தடுப்பது வளர்ந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் கிளிபர்ன் நகரில், அறிவுசார் குறைபாடு உள்ள 13 பேர் சேர்ந்து வாழ ஒரு இல்லத்துக்குச் சிறப்பு அனுமதி கேட்டார்கள். நகர மன்றம் மறுத்தது. அதே பகுதியில் அடுக்குமாடி வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் அந்தச் சிறப்பு அனுமதியே தேவையில்லை. 1985-இல் உச்ச நீதிமன்றம், அக்கம்பக்கத்தாரின் வெறுப்பும் அச்சமும் மறுப்பதற்குக் காரணமாகாது என்றது.

அந்தத் தீர்ப்பு நம் ஊர் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எப்படிக் கேட்பது என்பதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அவர்களுக்குக் கொடுத்ததை எங்களுக்கு ஏன் மறுக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 49ஆம் பிரிவு, அனுமதி கேட்கும் நோக்கத்தையும் அதற்கு இடம் பொருத்தமா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. யாருடைய பிள்ளை வருகிறது என்று பார்க்கச் சொல்லவில்லை.

விசாரணை நாளில் பிளே ஸ்கூல் கோப்பின் நகலை மேசையில் வைத்தோம். "அங்கே வேன் வரிசையா நிக்குது சார். எங்க இருபது பிள்ளைங்களுக்கு ஒரு வேன்கூடக் கிடையாது. எது நெரிசல்?" அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார். சங்கத்துப் பெரியவர் ஜன்னலைப் பார்த்தார்.

விண்ணப்பித்த ஏழாம் மாதம் ஆணை வந்தது. 20 குழந்தைகளுக்கு மேல் கூடாது, தீயணைப்புக் கருவி வேண்டும், பெயர்ப்பலகை சிறியதாக இருக்க வேண்டும். எல்லாம் சரி. கடைசி நிபந்தனையைப் படித்தபோதுதான் திகைத்தோம்: போக்குவரத்து நலன் கருதி, குழந்தைகளும் பெற்றோரும் பின்புறச் சந்து வழியாக மட்டுமே வந்து போக வேண்டும்.

அந்தச் சந்து என்ன தெரியுமா? எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில், மலம் அள்ளுகிறவர்கள் தெருவாசல் பக்கம் வராமல் கொல்லைப்புறமாக வந்துபோக விட்ட சந்து. அந்தத் தொழிலை 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் இன்னொரு சட்டமும் தடை செய்தன. சந்து மட்டும் அப்படியே இருக்கிறது. பாட்டிமார் மலக்கூடையோடு நடந்த வழியில், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னது எங்கள் கையிலிருந்த ஆணை.

மற்ற நிபந்தனைகளை ஏற்கிறோம், இதை ஏற்கமாட்டோம், இதற்கான காரணத்தை எழுத்துமூலம் தாருங்கள் என்று கடிதம் கொடுத்தோம். மூன்று வாரம் ஆயிற்று. காரணத்தை எழுதிக் கையெழுத்திட யாரும் முன்வரவில்லை. திருத்திய ஆணையில் அந்த வரி இல்லை.

இன்று விடியற்காலை ஐந்தேகாலுக்கு அந்த வீட்டின் முன்வாசலில் விளக்கு எரிகிறது. தெருவாசல் வழியாகத்தான் குழந்தைகள் வருகிறார்கள்.

தோழர்களே, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வாய்வழிப் பதிலை ஏற்காதீர்கள், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். பக்கத்தில் யாருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது என்று தேடி, அந்தக் கோப்பைப் பாருங்கள். ஆணை கைக்கு வந்ததும் கடைசி வரிவரை படியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது எங்கள் தவறு. அந்த ஏழு மாதத்துக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நாங்கள் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. கூட்டத்தில் முதலில் கேள்வி கேட்ட அக்காவின் மாமியார் நான்காம் மாதம் படுத்த படுக்கையானார். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் அக்கா வேலையை விட்டார். அந்த இடத்தில் ஒப்பந்ததாரர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். காப்பகம் திறந்த அன்று அவர் வந்து தொட்டில் கட்ட உதவினார். அவருடைய பிள்ளைக்கு அங்கே தேவை இருக்கவில்லை. அவருக்கு மறுபடி வேலை கேட்டு இப்போது அலைந்துகொண்டிருக்கிறோம். நீங்கள் விண்ணப்பம் கொடுக்கிற அன்றே, காலனியில் ஒரு வீட்டையும் இரண்டு பாட்டிமாரையும் இடைக்கால ஏற்பாடாகப் பிடித்துவிடுங்கள்.

ஜெய் பீம்.