தவளைத் தோலில் ஒரு கேடயம்

பத்தாவதோட பயாலஜிக்கு டாட்டா காட்டிட்டு கம்ப்யூட்டர் குரூப்புக்கு ஓடி வந்தவங்கதான் நம்மில் பாதிப் பேர். தலைப்பைப் பார்த்துட்டு அடுத்த பக்கம் போயிடாதீங்க. இந்தக் கதையில ஹீரோ நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளுதான்: பிளஸ், மைனஸ் சார்ஜ்.

1980-களின் நடுவில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் ஜாஸ்லாஃப் என்ற மருத்துவர் ஆப்பிரிக்க நகத் தவளைகளை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவருக்குத் தேவை தவளையோட முட்டை. வயித்தைக் கிழிச்சு சினைப்பையை எடுப்பார், தையல் போடுவார், திரும்பத் தொட்டியில விட்டுடுவார். அந்தத் தொட்டித் தண்ணியில பாக்டீரியாவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் காயம் சீழ் பிடிக்காம ஆறிடுச்சு. ஏன்னு தேடினவர், தவளைத் தோல்ல இருந்து ரெண்டு பெப்டைடுகளைப் பிரிச்சு எடுத்து 1987-ல் வெளியிட்டார். பேரு மகைனின். ஹீப்ரு மொழியில 'மகேன்' என்றால் கேடயம்.

பெப்டைடுன்னா புரதத்தோட தம்பி மாதிரி. அமினோ அமிலங்களை மணி மாதிரி கோத்த சின்னச் சங்கிலி. மகைனின்ல மொத்தம் 23 மணிதான். அதுக்கு பிளஸ் சார்ஜ். பாக்டீரியாவோட வெளிச்சவ்வுல மைனஸ் சார்ஜ் அதிகம். நம்ம செல்களோட வெளிப்பக்கம் பெரும்பாலும் நியூட்ரல். கூடவே கொலஸ்ட்ரால் வேற சவ்வை இறுக்கிப் பிடிச்சிருக்கு. அதனால மகைனின் நம்மை விட்டுட்டு பாக்டீரியா மேல போய் ஒட்டிக்கும். ஒட்டினதும் ஸ்பிரிங் மாதிரி சுருளும். சுருளோட ஒரு பக்கம் தண்ணியோட சேரும், மறுபக்கம் எண்ணெயோட சேரும். எண்ணெய்ப் பக்கம் சவ்வுக்குள்ள புதைஞ்சு ஓட்டை போடும். பஞ்சரான டியூப் கதைதான் அப்புறம்.

இது தவளைக்கு மட்டும் கிடைச்ச வரம் இல்லை. உங்க வெள்ளை அணுக்கள்ல டிஃபென்சின் இருக்கு. வியர்வையில டெர்ம்சிடின் இருக்கு. தோல்ல எல்.எல்.-37 இருக்கு, அதுல 37 அமினோ அமிலம். மீன், பறவை, மாடு, மனுஷன் எல்லாருமே இந்த மாதிரி ஆயுதங்களோடதான் நடமாடுறோம்.

ஈ.சி.இ. படிக்கிற எனக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. எங்க அப்பாவுக்குப் பல வருஷமா சுகர். செருப்பு கடிச்ச ஒரு சின்னப் புண்ணு, உள்ளங்கால்ல நாலு மாசம் ஆறாம நின்னுச்சு. டிரெஸ்ஸிங் ரூம் வாசல்ல உக்காந்து போன்ல தேடினப்பதான் மகைனின் பேரைப் பார்த்தேன். அதுல இருந்து உருவாக்கின பெக்சிகனான்கிற களிம்பு, சரியா இதே சுகர் கால் புண்ணுக்குத்தான்! வாசிக்க வாசிக்க கை நடுங்குச்சு.

மீதியையும் வாசிச்சேன். 1999-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஏத்துக்கல. ஏற்கெனவே இருக்கிற ஆன்டிபயாடிக்கை விட அது மேலானதுன்னு காட்ட முடியல. 2016-ல் மறுபடியும் பெரிய அளவில் சோதிச்சாங்க. மருந்தே கலக்காத வெறும் களிம்பை அதால ஜெயிக்க முடியல. சோதனைக் குழாயில கிருமியைக் கொல்றது வேற, சீழும் ரத்த ஓட்டக் குறைவும் உள்ள நிஜப் புண்ணுல ஜெயிக்கிறது வேற. அப்பா புண்ணை ஆத்தினது இன்சுலின், ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங், எம்.சி.ஆர். செருப்பு. இதுல எதுவுமே தலைப்புச் செய்தி ஆகாது.

இன்னொரு அடியும் விழுந்துச்சு. சவ்வையே தாக்குற ஆயுதத்துக்கு எதிரா பாக்டீரியா எதிர்ப்பு வளர்க்கிறது கஷ்டம்னு ஜாஸ்லாஃப் நம்பினார். பரிணாம ஆய்வாளர் கிரஹாம் பெல் சந்தேகப்பட்டார். ரெண்டு பேரும் சேர்ந்தே சோதிச்சாங்க. பெக்சிகனான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே பாக்டீரியாவை வளர்த்தாங்க. 600, 700 தலைமுறைக்குள்ள கிட்டத்தட்ட எல்லா வம்சங்களும் தாக்குப்பிடிக்கக் கத்துக்கிச்சு. 2006-ல் வந்த அந்தக் கட்டுரையில ஜாஸ்லாஃப் பேரும் இருக்கு. தன் நம்பிக்கைக்கு எதிரா வந்த முடிவுல தானே கையெழுத்துப் போட்டவர். எனக்கு மகைனினை விட இதுதான் பெரிய கண்டுபிடிப்பாத் தெரியுது.

அப்போ தவளை மட்டும் எப்படி இத்தனை காலமா தப்பிக்குது? அது ஒரே பெப்டைடை நம்பி உக்காரல. பல வகையைக் கலந்து, தேவைப்பட்ட இடத்துல, தேவைப்பட்ட நேரத்துல சுரக்குது. பின்னாடி வெள்ளை அணுக்கள் படையா வருது. நாம அதுல ஒண்ணை மட்டும் உருவி, டியூப்ல அடைச்சு, தனி ஆளா சண்டைக்கு அனுப்பினோம்.

தேடல் நிக்கல, நிக்கவும் கூடாது. 2017-ல் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, கேரளத் தவளை ஒண்ணோட தோல்ல ஒரு பெப்டைடைக் கண்டுபிடிச்சாங்க. எச்1 வகை இன்ஃப்ளூயன்சா வைரஸை அது சிதைக்குது. பேரு உறுமின். நம்ம ஊர்ல உறுமின்னா மேளம். அங்கே அது சுருள்வாள். அதே தேடல்ல கிடைச்ச வேற சில பெப்டைடுகள் மனித சிவப்பணுக்களையும் சேர்த்தே கெடுத்துச்சு. வாள்னா ரெண்டு பக்கமும் வெட்டும்தானே.

'தவளையில இருந்து அதிசய மருந்து'ன்னு குரூப்ல ஃபார்வர்டு வந்தா ரெண்டு கேள்வி கேளுங்க மக்களே. சோதனை நடந்தது குழாயிலயா, மனுஷங்ககிட்டயா? எதோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க? புது ஆயுதம் வந்து சேர இன்னும் வருஷங்கள் ஆகலாம். அதுவரைக்கும் கையில இருக்கிற ஆன்டிபயாடிக்கை மழுங்கடிக்காம வெச்சிருக்கணும். சளி பிடிச்சதுமே மெடிக்கல்ல போய் சீட்டே இல்லாம வாங்கிப் போடுறோமே, அதை நிறுத்துறதுக்கு பயாலஜி குரூப் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்லை.