எட்டுப் புள்ளிக்காரன்

தரங்கம்பாடிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் அன்பர்கள் டான்ஸ்பர்க் கோட்டையைப் பற்றி விசாரிப்பார்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை அது. இன்னும் கொஞ்சம் படித்தவர்கள், 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்குவையும் அவர் தமிழில் அச்சேற்றிய புதிய ஏற்பாட்டையும் விசாரிப்பார்கள். கடல் கொண்டது போக மிஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலைப் பற்றிக் கேட்கிறவர்களும் உண்டு. எனக்கு மட்டும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது, மூலை மழுங்கிய ஒரு சீட்டுக் கட்டு. சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தேன். வயதாகிவிட்டது, இனிச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

1979-ல் நான் மாயவரத்தில் ஒரு பாங்கியில் குமாஸ்தா. சனிக்கிழமை மத்தியானம் கணக்கை மூடிவிட்டு, தரங்கம்பாடி ரயிலில் ஏறிவிடுவேன். சின்ன ரயில், அவசரமே தெரியாத ரயில். வயல்களைப் பார்த்துக்கொண்டே பொறையாறு தாண்டி இறங்கினால், முகத்தில் உப்புக் காற்று அடிக்கும். 1792-ல் கட்டிய நகர வாசலுக்குள் நுழைந்து சற்றுத் தூரம் நடந்தால் மாமாவின் வீடு. மாமா என்றால் உறவு முறை மாமா அல்ல. எனக்கு வாய்த்த மாமா. பம்பாயில் ஒரு கப்பல் கம்பெனியில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, மனைவியையும் இழந்து, அலைச் சத்தம் கேட்கும் அந்தப் பழைய வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் சனிக்கிழமை தோறும் பிரிட்ஜ் ஆட்டம். உள்ளூர் டாக்டர் ஒருவர், மரைக்காயர் ஒருவர், மாமா, நான். காசு வைத்து ஆடுவதில்லை. ஆனால் கோர்ட்டில் பிரமாணம் செய்தவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு ஆடுவோம்.

இருபத்தெட்டு ஆடத் தெரிந்தவர்களுக்கு பிரிட்ஜை விளக்குவது கஷ்டமல்ல. அங்கேயும் கேள்வி உண்டு, துருப்பு உண்டு, எதிரே உட்கார்ந்த ஜோடி உண்டு. பிரிட்ஜில் ஐம்பத்திரண்டு சீட்டும் ஆட்டத்தில் இருக்கும், ஆளுக்குப் பதின்மூன்று. ஆஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என்று மொத்தம் நாற்பது புள்ளி. இரண்டு பேரிடமும் சேர்ந்து இருபத்தைந்து இருந்தால், துருப்பே இல்லாமல் ஒன்பது பிடி பிடித்துவிடலாம் என்பது பொதுக் கணக்கு. அதற்குத்தான் 'மூன்று நோ டிரம்ப்' என்று பெயர். முதல் பிடிக்கு நாற்பது, அப்புறம் முப்பது முப்பது, ஆக நூறு. நூறு வந்தால் ஒரு கேம். ஆனால் முன்னதாகவே கேட்டிருந்தால்தான் அந்த நூறு. கேட்காமல் பிடித்த பிடியெல்லாம் கோட்டுக்கு மேலே எழுதப்படும், கேமுக்கு உதவாது.

எதிரே இருப்பவன் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா துணிந்து கேட்கலாம்? வாயைத் திறந்து சொல்லக்கூடாது. கேள்வி ஒன்றுதான் பாஷை. இந்தப் பாஷையில் ஒரு விசேஷ இலக்கணத்தை முதலில் வகுத்தவர் அமெரிக்கச் சீமான் ஹெரால்ட் வாண்டர்பில்ட். 1925-ல் பனாமா கால்வாய் வழியாகப் போன 'பின்லாந்து' என்னும் கப்பலில் உட்கார்ந்து, இன்றைய பிரிட்ஜின் கணக்கு முறையை அமைத்தாரே, அவரேதான். 'ஒரு கிளப்' என்று ஒருவன் கேட்டால், கிளாவர் சீட்டைப் பற்றி அவன் ஒன்றுமே சொல்லவில்லை, "என் கை பலமான கை, உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று விசாரிக்கிறான் என்பது அவருடைய ஏற்பாடு. இத்தாலியர்கள் இதே வழியில் வேறொரு முறை செய்தார்கள். அதில் பதில் சொல்கிறவன் தன்னிடமுள்ள ஆஸையும் ராஜாவையும் எண்ணிச் சொல்வான். அதை வைத்துக்கொண்டு உலகக் கோப்பைகளை வருஷா வருஷம் அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு, சீனாவில் பிறந்து அமெரிக்காவில் கப்பல் தொழில் செய்த ஸி. ஸி. வீ என்பவர், 1960-களில் 'பிரிசிஷன்' என்ற முறையை வகுத்தார். 1969-ல் யாரும் எதிர்பாராத தைவான் கோஷ்டி, இந்த முறையை ஆடி உலகப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. அதற்கப்புறம் இத்தாலியரே பிரிசிஷனைத் திருத்திக் கையாண்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு வீ பேரில் அபார பக்தி. "அவனும் கப்பல்காரன், நானும் கப்பல்காரன்" என்பார். பம்பாயிலிருந்து கொண்டு வந்த புஸ்தகத்தை வைத்து எனக்குப் பாடம் சொன்னார். பதினாறு புள்ளியும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு கிளப். பதில் சொல்கிறவனிடம் ஏழும் அதற்குக் கீழும் என்றால் ஒரு டைமண்டு. "என்னிடம் ஒன்றுமில்லை ஐயா" என்று அர்த்தம். எட்டோ அதற்கு மேலோ இருந்து, ஒரே இனத்தில் ஐந்து சீட்டும் இருந்தால் அந்த இனத்தைச் சொல்லவேண்டும். இதெல்லாம் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. வராமல் உயிரை வாங்கியது, சமமான கைதான்.

சமமான கை என்றால் எந்த இனமும் நீளமாக இல்லை, எதுவும் அடியோடு இல்லாமலும் இல்லை. நாலு-மூன்று-மூன்று-மூன்று; நாலு-நாலு-மூன்று-இரண்டு; ஐந்து-மூன்று-மூன்று-இரண்டு. நூறு கை எடுத்தால் நாற்பத்தேழு நாற்பத்தெட்டு இப்படித்தான் இருக்கும். இதற்கு வீயின் பதில்: எட்டு முதல் பத்து வரை ஒரு நோ டிரம்ப், பதினொன்று முதல் பதின்மூன்று வரை இரண்டு, பதினாலு, பதினைந்து என்றால் நேரே மூன்று. அதற்கும் மேலே இருக்கிற பாக்கியவான், இரண்டு என்று சொல்லிவிட்டு அப்புறம் ஏறிக்கொள்ளலாம்.

"பாதி ஜனங்களுக்குக் கடவுள் கொடுக்கிற கை இதுதாண்டா" என்பார் மாமா. "பெரிசா ஒண்ணும் இருக்காது. ஆனா ஒண்ணுமே இல்லேன்னும் சொல்ல முடியாது. இதை வெச்சுண்டு உண்மையைச் சொல்றதுதான் கஷ்டம்."

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. நோ டிரம்ப்பை முதலில் சொன்னவன்தான் ஆட்டத்தை ஆடவேண்டும். ஜோடி தன் சீட்டை மேஜையில் விரித்துவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். எட்டுப் புள்ளிக்காரன் 'ஒரு நோ டிரம்ப்' என்றால், பதினேழு புள்ளிக்காரனின் ராஜாவும் ராணியும் மேஜையில் மல்லாந்து கிடக்கும். எதிராளிகள் அதைப் பார்த்துக்கொண்டே அடிப்பார்கள். அதனால் இப்போது பலர் பதில்களை மாற்றிப் போட்டு, சமமான கைக்கு 'ஒரு ஸ்பேடு' போல வேறொரு சங்கேதம் வைத்திருக்கிறார்கள். நோ டிரம்ப்பைப் பலசாலி முதலில் சொல்லி அவனே ஆடட்டும் என்று. மாமாவின் பழைய புஸ்தகத்தில் அந்த ஏற்பாடு கிடையாது. நான் பதில் சொன்னால் நானே ஆடவேண்டும். என்னுடைய பயமெல்லாம் அதுதான்.

ஒரு கார்த்திகை மாதத்து மழை இரவு. மாமா 'ஒரு கிளப்' என்றார். என் கையில் ஸ்பேடு ராஜா, டைமண்டு ராஜா, ஹார்ட் ராணி. மற்றதெல்லாம் பொடிச் சீட்டு. நாலு-மூன்று-மூன்று-மூன்று. சரியாக எட்டு. எதிரே மரைக்காயர் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரில் நான் ஆடுவதா? "ஒரு டைமண்டு" என்றேன்.

மாமா "ஒரு நோ டிரம்ப்" என்றார். பதினாறிலிருந்து பதினெட்டு வரை, சமமான கை. அப்போதாவது நான் மேலே கேட்டிருக்கலாம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்ட வாயால் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? "பாஸ்" என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய்.

சீட்டை விரித்தேன். மாமா ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஆடி, ஒன்பது பிடி எடுத்தார். கோட்டுக்குக் கீழே நாற்பது, மற்றதெல்லாம் மேலே. டாக்டர், "மூணு கேட்டிருக்கலாமே ஓய்!" என்றார். மாமா என்னைப் பார்த்து, "இருக்கிறதைக் குறைச்சுச் சொல்றதை அடக்கம்னு நினைச்சுக்காதே. அதுவும் பொய்தான். ஜாஸ்தி சொன்னவன் அவன் மாட்டிப்பான்; குறைச்சுச் சொன்னவன் எதிரே இருக்கிறவனை மாட்டிவிடுவான்" என்றார். அவ்வளவுதான், சீட்டைக் கலைக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த வார்த்தையை அன்றே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். எழுதி வைத்ததால் வந்த பிரயோஜனத்தை இனிமேல் சொல்கிறேன்.

1981-ம் வருஷம் ஐப்பசி. மாமாவுக்கு விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிய ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது, நாள் கடத்தக்கூடாது, சென்னைக்குப் போங்கள்" என்றார். டாக்டரால் ஊரை விட்டு நகர முடியாது. மரைக்காயர் வீட்டில் கல்யாணம். பம்பாயிலிருந்த பிள்ளை, பொங்கலுக்கு வந்து அழைத்துப் போவதாக எழுதியிருந்தான். ஒரு சனிக்கிழமை, சீட்டைப் பங்கு போடுவதற்கு முன்னால் மாமா என்னைக் கேட்டார்:

"உனக்கு லீவு எத்தனை நாள் இருக்கு?"

ஒன்பது நாள் இருந்தது. ஆனால் அந்த ஒன்பது நாளை நான் வேறொன்றுக்காகக் கட்டிக் காத்து வந்தேன். என் முதல் நாவல் முக்கால் பங்கு முடிந்திருந்தது. தவிர, சென்னையில் ஆஸ்பத்திரி, அறுவை, கையெழுத்து என்று எல்லாவற்றையும் நானே நின்று பார்க்கவேண்டும். அது எனக்குப் பயமாக இருந்தது.

"லீவே இல்லை, மாமா" என்றேன்.

"சரி" என்றார் மாமா. சீட்டைப் போட்டார்.

ஒன்பது நாளும் வீட்டுக்குள் உட்கார்ந்து நாவலை முடித்தேன். பிள்ளை தை மாதம் வந்து மாமாவை அழைத்துப் போனான். போன பார்வை போனதுதான், திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த வியாதியின் குணம் அது; இருப்பதைக் காக்கலாமே தவிர, இழந்ததை மீட்க முடியாது. முன்னாடியே போயிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாரும் கணக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கருப்புச் சீட்டு எது, சிவப்புச் சீட்டு எது என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று. நாவல் வெளிவந்தது. இரண்டு பத்திரிகைகளில் மதிப்புரை எழுதினார்கள். இப்போது அது எங்கும் கிடைப்பதில்லை.

அதற்காக ஆட்டம் நின்றுவிடவில்லை. லூத்தரன் பள்ளிக்கூடத்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் என் இடத்தில் ஜோடியாக உட்கார்ந்தார். நான் மாமாவின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டேன். அவருடைய பதின்மூன்று சீட்டையும் காதோடு சொல்வேன். ஒரு தடவை சொன்னால் போதும். மேஜையில் விழுகிற ஒவ்வொரு சீட்டையும் உரக்கச் சொல்லவேண்டும். விரித்த கையையும் வரிசையாகப் படிக்கவேண்டும். மரைக்காயர்கூடத் தாம் போடுகிற சீட்டைத் தாமே சத்தமாகச் சொல்லப் பழகிக்கொண்டார். அதற்கப்புறம் நான் பிரிட்ஜ் ஆடியதில்லை. மூன்று வருஷம் படித்துக் காட்டினேன். ஒரு சீட்டைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

1984-ல் ஒரு நாள், ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மாமா கடலைப் பார்த்தபடி, அதாவது கடல் சத்தம் வந்த பக்கம் முகத்தை வைத்தபடி, "அன்னிக்கு நான் லீவு கேட்டேனே, உங்கிட்டே எத்தனை நாள் இருந்தது?" என்றார்.

மூன்று வருஷமாகத் தொண்டையில் இருந்தது வெளியே வந்தது. "ஒன்பது, மாமா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு நோ டிரம்ப் சொல்லியிருக்கலாமே" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கேள்வியில் தப்புச் செய்த பையனுக்கு வாத்தியார் சொல்கிற தொனியில் சொன்னார். அப்புறம், "காபி போடறியா?" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் மாமா காலமானார். 1986-ல் அந்த ரயிலும் நின்றுபோயிற்று. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் புகுந்தபோது, அந்தத் தாழ்வாரத்தில் தண்ணீர் நின்றதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில், அறுபது வயது பிரணவ் பர்தனும் ஐம்பத்தாறு வயது சிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் வாங்கினார்கள் என்று பத்திரிகையில் படித்தபோது, அதை உரக்கப் படித்துக் காட்ட ஓர் ஆள் இல்லையே என்று இருந்தது.

போன மாதம் தரங்கம்பாடிக்குப் போயிருந்தேன். கோட்டைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, கைப்பேசியில் கூப்பிட்ட ஒரு பழைய சிநேகிதர், தம் பெண்ணின் படிப்பு விஷயமாக, "உங்களால் எவ்வளவு முடியும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பெரிய தொகை என்னிடம் கிடையாது. வாய் வழக்கம்போல 'ஒரு டைமண்டு' சொல்லத்தான் திறந்தது. மூடிக்கொண்டு, மனத்துக்குள் எண்ணிப் பார்த்து, இருப்பதை இருக்கிறபடி சொன்னேன்.

"அது போதும் ஸார். மீதி எங்கிட்டே இருக்கு" என்றார் அவர்.