ஆண்டர்சன் காம்புக்குப் போன பாண்

என் அப்பப்பாவிடம் முடிவில்லாத கதை ஒன்று இருந்தது. பின்னேரங்களில் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு, "ஆண்டர்சன் காம்புக்கு நான்தான் பாண் கொண்டுபோறனான்" என்று தொடங்குவார்.

யுத்தக் காலம். கொழும்பில், பம்பலப்பிட்டியில் ஒரு பேக்கரியில் அவருக்கு வேலை. வயது இருபத்தொன்று. விடியப்புறம் நாலு மணிக்குச் சைக்கிளின் பின்னால் கட்டிய தகரப் பெட்டியில் சூடு ஆறாத பாணை அடுக்கிக்கொண்டு புறப்படுவார். முன்பு வெள்ளைக்காரர் கோல்ஃப் விளையாடிய மைதானத்தில் நீள நீளமான கொட்டில்கள் எழும்பியிருந்தன. சுற்றிவர முள்ளுக்கம்பி. கேற்றில் துவக்கோடு சிப்பாய். பெட்டியை அங்கேயே இறக்கிவிட வேண்டும்.

"அது வேலை மாறுற நேரம். வெள்ளைக்காரப் பெட்டையள் வெளியில வருவினம். எல்லாம் பதினெட்டு, இருவது வயசு. கண் சிவந்து கிடக்கும். ரெண்டு காதும் கண்டிப்போய் இருக்கும், ஆரோ பிடிச்சு முறுக்கின மாதிரி."

உள்ளே என்ன வேலை என்று ஒருநாள் கேட்டாராம். சிப்பாய் முறைத்திருக்கிறான். சமையற்கட்டில் நின்ற ஒருவர் மட்டும் மெல்லிய குரலில், ரெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்றாராம். அப்பப்பா நம்பவில்லை. "ரெலிபோன் எண்டால் கதைக்கிற சத்தம் கேக்க வேணுமே? அங்க ஒரு குரலும் கேக்காது. ராவு ரெண்டு மணிக்கும் லைற் எரியும். அந்தப் பிள்ளையள் அங்க என்னதான் செய்தவையோ!"

கதை அந்த இடத்தில் நின்றுவிடும். 1989இல் அப்பப்பா காலமானார். அவருடைய கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது.

பல வருடங்கள் அதை நான் தூக்கிப் பார்க்கவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதைப் பற்றி ஒருமுறை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வரியில் கண் குத்தி நின்றது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஆறு மைல் தூரத்தில், ஆண்டர்சன் கோல்ஃப் மைதானத்தில், பிரித்தானியக் கடற்படையின் ஒட்டுக்கேட்பு நிலையம் இயங்கியது என்று அந்த வரி சொன்னது. அதன் பெயர் எச்.எம்.எஸ். ஆண்டர்சன். கரையில் இருக்கும் முகாமுக்கும் கப்பலின் பெயரை வைப்பது அந்தக் கடற்படையின் வழக்கம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். கண்டிப்போன காதுகளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் பேசுவதற்காக அங்கே இருக்கவில்லை. எட்டு மணித்தியாலம், பத்து மணித்தியாலம் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, கடலுக்கு அப்பால் யாரோ தட்டும் மோர்ஸ் ஒலியைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் தேடலை விட மனம் வரவில்லை. ஆண்டர்சனின் வேர் கொழும்பில் இல்லை. 1935இல் ஹொங்கொங்கில் பிரித்தானியர் தொடங்கிய தூரகிழக்கு உளவுச் செயலகம்தான் அதன் மூலம். ஜப்பானியக் கடற்படையின் வானொலிச் செய்திகளைப் பிடித்து, அவற்றின் சங்கேதத்தை உடைப்பது அதன் வேலை. 1939 ஓகஸ்டில் அது சிங்கப்பூருக்கு நகர்ந்தது. ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கி முன்னேறியபோது, 1942 ஜனவரியில் கொழும்புக்கு வந்து, பெம்ப்ரோக் என்ற பள்ளிக்கூடத்தில் குடியேறியது. பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்ன அறைகளில் ஜப்பானின் எண்கள் பரப்பப்பட்டன.

மார்ச் கடைசியில் அந்த அறைகளில் ஒரு செய்தி பாதி உடைந்தது. விமானந்தாங்கிக் கப்பல்கள் எங்கோ தாக்கப் போகின்றன. இடத்தின் பெயர் மட்டும் குறியீட்டுக்குள் ஒளிந்திருந்தது. அங்கே பணியாற்றியவர்களின் நினைவுப்படி, ஜப்பானியச் செய்தி அனுப்புநர் ஒருவர் அந்தப் பெயரைத் தம் மொழியின் அசைகளிலேயே எழுத்துக்கூட்டி அனுப்பிவிட்டார்: கோ-ரோ-ன்-போ. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தாங்கள் உட்கார்ந்திருக்கும் ஊரின் பெயரைத் தாங்களே எழுதினார்கள்.

தாக்குதல் ஏப்ரல் முதலாம் திகதியளவில் வரும் என்று கணித்தார்கள். அட்மிரல் சோமர்வில்லின் கடற்படை தெற்கே காத்து நின்றது; எதிரி வராததால் மாலைதீவின் அட்டுத் தீவுக்கு எண்ணெயும் தண்ணீரும் நிரப்பப் போனது. நாலாம் திகதி கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சால் தெற்குக் கடலில் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு தகவல் அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பில் குண்டு விழுந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பலவற்றை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். ஆனாலும் அன்று கடலில் கோர்ன்வோல், டோர்செற்ஷயர் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். நாலு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் மூழ்கியது. அதில் 307 பேர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பப்பா மாவு பிசைந்துகொண்டிருந்தார். வானம் இடிந்ததுபோல் இருந்தது என்பார். அடுத்த கிழமை ரயிலில் யாழ்ப்பாணத்துக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவர். சங்கேதக்காரர்களும் ஓடினார்கள், கென்யாவின் மொம்பாசாவில், கிலிண்டினித் துறைமுகத்துக்கு அருகே, அங்கேயும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. 1943இல் அவர்கள் திரும்பி வந்தபோதுதான் கோல்ஃப் மைதானத்தில் கொட்டில்கள் எழுந்தன. அப்பப்பாவும் பேக்கரிக்குத் திரும்பியிருந்தார்.

உள்ளே நடந்த வேலை எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ள, ஒரு கடதாசியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நானே இருந்து பார்த்தேன். ஜப்பானியக் கடற்படையின் பிரதான சங்கேதத்துக்கு நேச நாடுகள் வைத்த பெயர் ஜே.என். 25. ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்கம் கொண்ட ஓர் எண். அந்த எண்ணை அப்படியே அனுப்பமாட்டார்கள். இன்னொரு புத்தகத்திலிருந்து வேறோர் ஐந்திலக்க எண்ணை எடுத்து, மிச்சத்தை அடுத்த தானத்துக்குக் கொண்டுபோகாமல் கூட்டிவிடுவார்கள். ஒரு சொல்லின் எண் 48237 என்று வைத்துக்கொள்வோம். கூட்டும் எண் 70586. நாலும் ஏழும் பதினொன்று, ஒன்றை மட்டும் எழுது. எட்டும் பூச்சியமும் எட்டு. இப்படியே போனால் வானில் போவது 18713. கேட்பவருக்குக் கிடைப்பது அது ஒன்றுதான்.

ஆனால் அந்தச் சங்கேதத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சொல்லுக்குரிய எண் ஒவ்வொன்றும் மூன்றால் வகுபடும். வரும் வழியில் இலக்கம் பிசகினால் கண்டுபிடிப்பதற்காக அவர்களே வைத்த காவல் அது. அதையே உடைப்பவர்கள் திறப்பாக்கிக்கொண்டார்கள். கூட்டப்பட்ட எண் இதுவாக இருக்கலாம் என்று ஊகித்துக் கழிப்பது, விடையின் இலக்கங்களைக் கூட்டுவது, மூன்றால் வகுபடுகிறதா என்று பார்ப்பது. 4, 8, 2, 3, 7. கூட்டினால் 24. வகுபடும். ஒருமுறை பொருந்தினால் தற்செயலாகவும் இருக்கலாம். ஒரே ஊகம் பல செய்திகளில் பொருந்தினால்தான் நம்பலாம். இல்லையென்றால் அழித்துவிட்டு மறுபடியும். நான் அரை மணித்தியாலத்தில் களைத்துவிட்டேன். அவர்கள் வருடக்கணக்கில் செய்தார்கள்.

இப்படியான மேசைகளில் ஒன்றில்தான் ஜீன் வலன்டைன் இருந்தார். ஸ்கொட்லாந்தின் பேர்த் நகரத்தவர், 1924இல் பிறந்தவர். கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். அந்தப் பிரிவின் பெண்களை 'ரென்' என்று அழைப்பார்கள். முதலில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில், ஜேர்மனியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க உதவிய 'பொம்ப்' இயந்திரத்தை இயக்கினார். பிறகு கப்பலேறி இலங்கைக்கு வந்து, ஜப்பானியரின் வானிலைச் சங்கேதங்களில் வேலை செய்தார். அப்பப்பாவின் பாணை அவரும் சாப்பிட்டிருப்பாரோ என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தக் கடற்பயணமும் லேசானதல்ல. 1944 பெப்ரவரி 12இல், மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் கப்பலை மாலைதீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. சில நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியது. இறந்தவர்கள் 1,297 பேர். அவர்களில் 77 பேர் பெண்கள், பெரும்பாலும் தாதிகளும் ரென்களும். கொழும்பில் இறங்க வேண்டியவர்கள்.

யுத்தம் முடிந்தது. எல்லோரும் ரகசியக் காப்புச் சட்டத்தின் கீழ்க் கையெழுத்திட்டவர்கள். வீட்டுக்குப் போனார்கள், கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள், வாய் திறக்கவில்லை. 1974இல் வின்டர்பொதம் என்ற பழைய அதிகாரி எழுதிய நூலோடுதான் பூட்டு உடையத் தொடங்கியது. முப்பது வருட மௌனம் அது. அதற்குள் எத்தனை தாய்தகப்பன்மார், தங்கள் பிள்ளை யுத்தத்தில் ஏதோ எழுதுவினைஞர் வேலை பார்த்தது என்று எண்ணியபடியே கண்ணை மூடியிருப்பார்கள்!

சில வருடங்களுக்கு முன் லண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோது, யூஸ்டன் நிலையத்தில் ரயிலேறிப் பிளெட்ச்லிக்குப் போனேன். யுத்தத்தின் உச்சத்தில் அங்கே வேலை செய்தவர்கள் ஏறக்குறைய 10,000 பேர். நால்வரில் மூவர் பெண்கள். 1990களின் தொடக்கத்தில் அந்தக் கட்டடங்களை இடிக்கவிருந்தார்கள். 1991 ஒக்தோபரில் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் பழைய பணியாளர்களை ஒரு பிரியாவிடைக்கு அழைத்தார்கள். சுமார் 400 பேர் வந்தார்கள். அவர்கள் பேசப் பேச, இந்த இடம் இடிபடக் கூடாது என்ற எண்ணம் பிறந்தது. அடுத்த வருடம் அதைக் காக்க ஓர் அறக்கட்டளை உருவானது.

இன்று அங்கே பணியாளர் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் பேணுகிறார்கள். பிளெட்ச்லியோடு நில்லாமல், ஒட்டுக்கேட்பு நிலையங்களில் இருந்தவர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஒரு மகள் அனுப்பிய படம், ஒரு பேரன் கண்டெடுத்த கடிதம் என்று துண்டு துண்டாகச் சேர்வது. ஓர் எண் பொருந்தினால் பக்கத்து எண் துலங்கும் சங்கேத வேலையைப் போலவே, ஒருவரின் வாழ்க்கை தெரிந்தால் அவர் அருகில் இருந்தவரின் வாழ்க்கையும் தெரிகிறது. 2009இல் உயிரோடிருந்தவர்களுக்குப் பிரித்தானிய அரசு ஒரு சின்னம் வழங்கியது. 'நாங்களும் பணியாற்றினோம்' என்ற பொருள்படும் வாசகம் அதன் பின்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. குத்திக்கொண்டால் அந்த எழுத்து வெளியே தெரியாது; நெஞ்சுப் பக்கம் இருக்கும். ஜீன் வலன்டைன் முதுமையில் அங்கே வழிகாட்டியாக நின்று, மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட பொம்ப் இயந்திரத்தை வந்தவர்களுக்கு விளக்கினார். 2019 மே மாதம் காலமானார்.

கொழும்புக்குத் திரும்பியதும் லிவரமென்டு மயானத்துக்குப் போனேன். யுத்தக் கல்லறைகளின் நடுவே நடந்தேன். படைப்பிரிவின் சின்னம், பெயர், வயது, நாள். என்ன செய்தார்கள் என்று கல் சொல்லவில்லை. எங்கள் முன்னோர் வீரனுக்கு நடுகல் நாட்டியபோது பெயரோடு அவன் செய்த காரியத்தையும் பொறித்தார்கள். ஆநிரையை மீட்டு மாண்டான் என்று கல்லே சொல்லும். பெயரைக் காலம் எப்படியாவது வைத்திருக்கும். செய்த காரியத்தை யாராவது சொன்னால்தான் அந்த வாழ்க்கை முழுதாக நிற்கும். வாய் திறக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவர்களுக்காக அதைச் சொல்லும் கடமை மற்றவர்களுடையது.

அவர்கள் எங்களை ஆண்டவர்களின் படை என்பதை நான் மறக்கவில்லை. அவர்கள் பிடித்த செய்தி ஒவ்வொன்றின் மறுமுனையிலும் ஒரு கப்பல் இருந்தது, அதில் தாய் பெற்ற பிள்ளைகள் இருந்தார்கள் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் இந்த ஊரில், இந்த வெக்கையில், இந்த ஊர்ப் பாணைச் சாப்பிட்டு, காது கண்டிப்போகக் கேட்டுக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை நினைப்பதற்கு அது தடையில்லை.

அப்பப்பாவின் திவசத்துக்கு ஐயர் வந்தால், மூன்று தலைமுறையின் பெயரைக் கேட்பார். நாங்கள் சொல்வோம். பிறகு வாழையிலையில் படைப்போம். அவருக்குப் பிடித்தது என்று ஒரு துண்டுப் பாணும் கட்டைச் சம்பலும் கட்டாயம் இருக்கும். போன முறை எல்லோரும் கும்பிட்டு எழும்பிய பிறகு நான் மட்டும் படத்துக்கு முன்னால் இருந்தேன்.

"அப்பப்பா, அது ரெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இல்லை" என்று தொடங்கி, கோ-ரோ-ன்-போவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் மகள் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.