லாபத்தில் முடிகிற படி

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பக்கம் எண்பது, தொண்ணூறுகளில் எழுந்த வீடுகளைப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே மூச்சில் கட்டப்பட்டவை இல்லை என்பது தெரியும். அறுபதுகளில் வந்த தொழிற்பேட்டையும் ஆவடி டாங்க் ஃபேக்டரியும் இந்தப் பக்கத்துக்கு நிறைய சம்பளக்காரர்களைக் கொண்டுவந்தன. அவர்கள் அரை கிரவுண்டு வாங்கி, பி.எஃப். லோன் போட்டு, ஒரு ஹாலும் ரூமும் எழுப்பி, சுண்ணாம்பு அடிக்கும் முன்பே குடிவந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மாடிப்படிக்கென்று யாரும் இடம் ஒதுக்கவில்லை. எல்லாம் போக மிச்சமிருந்த இடம்தான் படிக்கு.

எங்கள் வீடு 1991இல் கட்டியது. பக்கவாட்டுச் சந்தில், வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்தில் மொட்டை மாடிக்கு நேராக ஏறும் படி. ஒருபக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. நான் இப்போது பெங்களூரில் இருக்கிறேன். அம்பத்தூர் வீடு எனக்கு லீவுக்கு வரும் வீடாகிவிட்டது. போன ஏப்ரலில் வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு வந்தபோது, டேப் எடுத்து முதலில் அளந்தது இந்தப் படியைத்தான்.

மொத்த உயரம் 300 செ.மீ. படி 13. அப்படியானால் ஒரு படிக்கு 23 செ.மீ. உயரம். கால் வைக்க 20 செ.மீ. என் பாதம் முழுசாக அதில் நிற்காது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு உயரம் 19 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் இடம் 25க்குக் குறையக்கூடாது என்கிறது. எங்கள் படி இரண்டிலும் தோற்றது.

ஏன் 13? இது அப்பா சொன்ன கதை. நம் ஊர் மேஸ்திரிகள் படியை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. லாபம், நட்டம், லாபம், நட்டம். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும், அதனால் ஒற்றைப்படை. 15 வைக்கச் சந்தின் நீளம் போதவில்லை. 14 வைத்தால் நட்டம். இரண்டைக் குறைத்து 13 ஆக்கினார்கள். அந்த இரண்டு படிகளின் உயரத்தை மற்ற பதிமூன்றும் பங்கு போட்டுக்கொண்டன.

அதுவும் சமமாகப் போடவில்லை. முதல் படி 19 செ.மீ. சந்தில் பின்னால் சிமென்ட் தரை போட்டு மேடாக்கியதால் அது குட்டையாகிவிட்டது. கடைசிப் படி 26. மாடி ஒழுகுகிறது என்று ஜல்லிச் சுண்ணாம்பு கொட்டித் தட்டோடு பதித்ததில் அது வளர்ந்துவிட்டது. படி ஏறும்போது நாம் முதல் ஒன்றிரண்டு படிகளைத்தான் பார்க்கிறோம். அதற்குப் பிறகு கால் அதே அளவை மனப்பாடமாக எடுத்துக்கொண்டு ஏறுகிறது, நுனியை மயிரிழையில் தாண்டிக்கொண்டு. நடுவில் ஒரு படி மட்டும் அளவு மாறினால் கால் தட்டும். அமெரிக்க வீட்டு விதிகளில் ஒரே வரிசைப் படிகளுக்குள் உயர வித்தியாசம் முக்கால் அங்குலத்தில் பாதிதான் இருக்கலாம், ஒரு செ.மீ. கூட வராது. எங்கள் வீட்டில் 7 செ.மீ.

அடிப்பக்கத்தில் இன்னொரு விஷயம் இருந்தது. படியைத் தாங்கும் சாய்வுத் தளத்தில் நீளமாக ஒரு விரிசல், அதன் கீழே காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. இரும்பு துருப்பிடித்தால் பருமன் பல மடங்காகும். அந்த வீக்கம் மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். உடைந்த வழியாக இன்னும் தண்ணீர் போகும். பூசி மறைத்தாலும் உள்ளே அது பாட்டுக்கு நடக்கும். மேஸ்திரி சுத்தியலால் தட்டினார். "டப் டப்புன்னு சத்தம் வருது பாருங்க சார். உள்ள விட்டுப்போச்சு. பேட்ச் போட்டா என் பேரு கெட்டுப்போகும்."

அப்பாவுக்குக் கோபம். அவருடைய படி அது. தண்ணீர் பாய்ச்சி கியூரிங் பண்ண ஷிஃப்ட் முடிந்து ஓடிவந்தவர் அவர். "முப்பது வருஷமா இருக்கு. இதுல யாரு விழுந்தா, சொல்லு பாப்போம்?"

உண்மைதான், யாரும் விழவில்லை.

அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "ஏறுனாதானே விழுவாங்க. நான் ஏறறத நிறுத்தி ஏழு வருஷம் ஆவுது."

எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் மூட்டு வலி. அம்மாவே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். வடகம் போடுவதில்லை, ஏன்? மூட்டு வலி. துணியைச் சந்திலேயே கொடி கட்டிக் காயவைக்கிறாள், ஏன்? மூட்டு வலி. 2015 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்த ராத்திரி, கரண்ட் இல்லாத இருட்டில், அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக நகர்ந்துதான் மாடிக்கு வந்தாள். அந்தக் கதையையும் வீட்டில் வயசின் கணக்கில்தான் சொல்வோம். ஆனால் அதே அம்மா ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறாள். முட்டி வலிக்கிறது, ஏறுகிறாள். முட்டி ஒன்றுதான், படி வேறு.

17ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சுவா புளோந்தெல் என்ற பிரெஞ்சுக்காரர் படிக்கு ஒரு கணக்கு வைத்தார். இரண்டு படி உயரத்தோடு ஒரு படியின் அகலத்தைக் கூட்டினால், ஒரு மனிதனின் நடை அளவு வர வேண்டும். இன்றைய அளவில் சுமார் 60 முதல் 65 செ.மீ. எங்கள் படியைப் போட்டுப் பார்த்தேன்: 23, 23, 20. கூட்டினால் 66. ஏறக்குறைய பாஸ்! ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவது சமதளத்தில் நடக்கும் ஒருவரின் எட்டிலிருந்து. ஈரத்துணி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்து, கீழே எதுவும் தெரியாமல் இறங்கும் பெண் அதில் இல்லை. படி இறங்கும்போது முட்டியில் விழும் சுமை உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். இந்தப் படியில் முப்பது வருஷம் அதிகமாக ஏறி இறங்கியது யார்? அளவு எடுத்த அன்று அவரை யாரும் கேட்கவில்லை.

கான்ட்ராக்டர் சுருள் இரும்புப் படி போடலாம், இடம் மிச்சம் என்றார். அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்: "வாளி திரும்புமா?" அதோடு அது முடிந்தது. வீட்டு முன்பக்கம், ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் நடுவே திரும்பும் படி என்று முடிவானது. மொத்தம் 17. உயரம் 17.6, அகலம் 27. எட்டு ஏறினால் நின்று மூச்சு வாங்க ஒரு தளம், அப்புறம் ஒன்பது. மேஸ்திரி எண்ணிப் பார்த்துவிட்டு, "லாபம்தான் சார்" என்றார். அப்பா முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

பழைய படியை உடைக்க ஒன்றரை நாள் ஆனது. கம்பிகள் சில இடங்களில் பென்சிலை விட மெல்லியதாக வந்தன. அப்பா ஒரு துண்டைக் கையில் எடுத்து வளைத்தார், ஒடிந்தது. ஒன்றும் சொல்லாமல் குப்பையில் போட்டார். புதுப் படிக்கு சென்ட்ரிங் அடித்தபோது, ஒவ்வொரு பலகையையும் டேப் வைத்துப் பார்த்தது அவர்தான். "மேல தட்டோட்டுக்கு விட்டியாப்பா? கீழ டைல்ஸுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கான்கிரீட் போட்ட பிறகு பத்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் காட்டினார், 1991 மாதிரியே.

கைப்பிடி இரண்டு பக்கமும். ஒன்று போதாதா என்று கேட்டார்கள். ஏறும்போது ஒரு கையில் வாளி, இறங்கும்போது அதே கையில் வாளி. ஆனால் சுவர் பக்கம் மாறிவிடும் என்று அம்மா விளக்கினாள்.

இழப்பும் உண்டு. பவழமல்லி போனது. ஸ்கூட்டர் தெருவில் நிற்கிறது, அப்பா தினமும் அதற்காக முனகுகிறார். மே மாதம் நான் போனபோது மாடியில் பழைய வேட்டி விரித்து, ஜவ்வரிசி வடகம் பிழிந்திருந்தது. காக்கா விரட்ட அம்மா மேலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பா கீழிருந்து கத்தினார், "சாப்பாடு போடறியா இல்லையா?"

"மேல வந்து சாப்பிடுங்க. படிதான் நல்லா இருக்கே."