கோல் அடிப்பவனின் மூளை

எங்கள் மாலை வகுப்புக்கு ஒருமுறை தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் வந்தார். குடிசையில் பிறந்து, உழைத்து, உலகப் புகழ் பெற்ற விளையாட்டு வீரர்களின் கதைகளை வரிசையாகச் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் கிளம்பிய பிறகு பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, அப்ப நம்ம தெருவுல மேல வராதவங்க எல்லாம் உழைக்காதவங்களா?"

அவனுக்கு நாங்கள் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை. பதிலாக ஒரு கால்பந்து ஸ்ட்ரைக்கரின் கதையைச் சொன்னோம். அவர் பெயர் இயன் ரைட். ஆர்சனல் ரசிகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: லண்டனில் ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1963இல் பிறந்தவர். தென்கிழக்கு லண்டனின் பிராக்லி பகுதியில், அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர். நம்மூர் வாரியக் குடியிருப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிரிந்து போய்விட்டார். மாற்றாந்தந்தையின் வன்முறை நிறைந்த வீடு. அதைப் பற்றி 2021இல் பிபிசிக்காக ஓர் ஆவணப்படமே செய்தார் ரைட். சனிக்கிழமை இரவு தொலைக்காட்சியில் 'மேட்ச் ஆஃப் தி டே' நிகழ்ச்சி வரும். கால்பந்து பைத்தியமான அந்தப் பையன்களைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்வாராம் அந்த மனிதர். சத்தம் மட்டும் காதில் விழும், படம் பார்க்க முடியாது. பிற்காலத்தில் அதே நிகழ்ச்சியில் பல ஆண்டுகள் வர்ணனையாளராக உட்கார்ந்தார் ரைட். 2024இல்தான் விலகினார்.

பள்ளியிலும் அடங்காத பிள்ளை. வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கப்படுவது வழக்கம். அப்படி நின்றுகொண்டிருந்தவனைத்தான் சிட்னி பிக்டன் என்ற ஆசிரியர் பார்த்தார். தன்னோடு அழைத்துப் போய் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். மற்ற வகுப்புகளுக்குப் போய் வருகைப் பதிவேடுகளை வாங்கிவரும் வேலையைக் கொடுத்தார். சின்ன வேலைதான். ஆனால் 'தொல்லை' என்று பெயர் வாங்கிய பிள்ளையிடம் ஒரு பொறுப்பைக் கொடுப்பதன் அர்த்தம், கடைசி பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட நம்மில் பலருக்குத் தெரியும்.

கால்பந்தையும் பிக்டன்தான் கற்றுக்கொடுத்தார். கோல் முன்னால் பந்து கிடைத்தால் எல்லாச் சிறுவர்களும் செய்வதைத்தான் ரைட்டும் செய்தான்: கண்ணை மூடிக்கொண்டு முழு பலத்தோடு உதைத்தான். ஏன் உடைக்கப் பார்க்கிறாய் என்று கேட்டார் ஆசிரியர். அந்தக் காலத்தின் பெரிய கோலடிப்பாளரான ஜிம்மி கிரீவ்ஸை உதாரணம் காட்டி, வலைக்குள் பந்தை 'பாஸ்' செய்யச் சொன்னார். கோல்கீப்பர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் சாய்கிறார், எந்த மூலை காலியாக இருக்கிறது என்று அரை நொடி நிதானித்துப் பார்த்துவிட்டுத் தட்டினால் போதும். ஸ்ட்ரைக்கர் பயிற்சியின் மையமே இதுதான். கால் பலம் இரண்டாவது. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, இரண்டு டிஃபெண்டர்கள் முதுகில் மோதிக்கொண்டிருக்கும்போது, அந்த அரை நொடியை மனதுக்குள் நீட்டித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். இதை ரத்தத்திலிருந்து எடுக்க முடியாது, யாராவது சொல்லித்தர வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்பது கொஞ்சம் கீழே வரும்.

சொல்லித்தந்தும் கதவு திறக்கவில்லை. மில்வால், பிரைட்டன் ஆகிய கிளப்புகள் ரைட்டைச் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றன. கட்டட வேலை, பூச்சு வேலை, ஆலை வேலை என்று வயிற்றுப்பாடு ஓடியது. வண்டிக்கு வரியும் காப்பீடும் இல்லாமல் ஓட்டியதற்கான அபராதத்தைக் கட்டாததால் செம்ஸ்ஃபோர்டு சிறையில் சில நாட்கள் இருந்தார். கையில் காசு இருப்பவன் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவான், இல்லாதவன் உள்ளே போவான். சிறைப் புள்ளிவிவரங்களில் நம் மக்கள் ஏன் அதிகம் என்று வகுப்பில் கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் அணிகளுக்கு ஆடிக்கொண்டிருந்தவரை கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் ஆள்தேடுபவர் பார்த்தார். 1985 ஆகஸ்டில் ஒப்பந்தம் ஆனபோது ரைட்டுக்கு 22 வயது நிறைய மூன்று மாதம் பாக்கி. அந்த வயதில் மற்றவர்கள் கிளப் அகாடமிகளில் பத்து ஆண்டு பயிற்சியை முடித்திருப்பார்கள். இவருக்கு அகாடமி என்பது பூங்காவும் தெருவும்தான்.

ஸ்ட்ரைக்கரின் மனநிலையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். ஆட்டத்தில் தோல்வியை அதிகம் சந்திக்கும் ஆள் அவர்தான். தொண்ணூறு நிமிடத்தில் இருபது முறை ஓடுவார், பதினெட்டு முறை பந்து வராது. வந்த இரண்டில் ஒன்று வெளியே போகும். பத்தாயிரம் பேர் திட்டுவார்கள். அடுத்த நிமிடம் மறுபடி ஓட வேண்டும். போனதை மறந்தால்தான் ஓட முடியும், ஆனால் டிஃபெண்டர் எந்தப் பக்கம் மெதுவாகத் திரும்புகிறார் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ரைட்டும் மார்க் பிரைட்டும் பேலஸில் அமைத்த ஜோடி அப்படி வேலை செய்தது. உயர்ந்து வரும் பந்தை பிரைட் தலையால் தட்டிவிடுவார், அது எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்து ரைட் கிளம்பியிருப்பார். பந்து புறப்பட்ட பிறகு ஓடினால் தாமதம், முன்பே ஓடினால் ஆஃப்சைடு.

1989-90 சீசனில் இரண்டு முறை கால் எலும்பு முறிந்தது. 1990 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்கு அவரை மாற்று ஆட்டக்காரராகத்தான் உட்காரவைத்தார்கள். 2-1 என்று பேலஸ் பின்தங்கியிருந்தபோது இறங்கினார். சில நிமிடங்களில் கோல். கூடுதல் நேரத்தில் இன்னொன்று. ஆட்டம் 3-3 என்று முடிந்து, மறு ஆட்டத்தில் பேலஸ் 1-0 என்று தோற்றது. தோற்ற ஆட்டம்தான். ஆனாலும் அந்த இரண்டு கோல்களைப் போட்டுப் பாருங்கள், நாங்கள் சொன்ன அரை நொடி புரியும்.

இப்போது மேலே பாதியில் விட்டதற்கு வருகிறோம். 1991இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் பேலஸ் கிளப்பின் தலைவர் ரான் நோட்ஸ் கறுப்பின ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசினார். அவர்களுக்கு வேகம் உண்டு, உடல் வலு உண்டு, ஆனால் ஆட்டத்தைப் படிக்கத் தெரியாது, அணிக்கு மூளை வேண்டுமென்றால் வெள்ளையர்கள் வேண்டும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். குளிர்காலம் வந்தால் வெள்ளையர்கள்தான் அவர்களைத் தூக்கிச் சுமக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த அணியைக் கோப்பை இறுதிக்குத் தூக்கிச் சென்றவர்களில் ரைட், பிரைட் உட்படப் பலர் கறுப்பினத்தவர். அந்தத் தலைவரின் கிளப்புக்கு நூறு கோலுக்கு மேல் அடித்தவர் ரைட். பந்து எங்கே விழும் என்று கணிப்பதுதான் ஆட்டத்தைப் படிப்பது என்றால், அதை அவரைவிட நன்றாகப் படித்தவர் அந்தக் கிளப்பில் யார்?

தோழர்களே, இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? "இவங்களுக்கு உடம்பு வலு இயல்பாவே வரும்" என்பதை நம் பிள்ளைகள் பாராட்டு மாதிரியே கேட்டு வளர்கிறார்கள். ஓட விடுவார்கள், அணித்தலைவர் பட்டை மட்டும் வேறு கைக்குப் போகும். பல்வங்கர் பாலு 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். திரும்பி வந்து பல ஆண்டுகள் ஆடியும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. எங்கள் பையன்கள் இருவர் ஒரு தேர்வு முகாமுக்குப் போனபோது, அங்கிருந்த ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், அந்த ஊரில் எந்தத் தெரு என்றார். பந்து இன்னும் காலில் படவே இல்லை. உடல் உழைப்பு உங்களுக்கு, சிந்தனை எங்களுக்கு என்று பிரித்து வைத்ததற்குப் பெயர் நம்மூரில் சாதி, அங்கே நிறவெறி. இரண்டும் ஒன்றல்ல என்று சமூகவியல் வகுப்பில் நீங்கள் வாதிடலாம், வாதிட வேண்டும். ஆனால் விளையாட்டுத் திடலில் இரண்டும் பேசுவது ஒரே வசனம்.

அதே 1991 செப்டம்பரில் 25 லட்சம் பவுண்டுக்கு ஆர்சனல் அவரை வாங்கியது. முதல் லீக் ஆட்டத்திலேயே மூன்று கோல். அந்த சீசனில் மொத்தம் 29 லீக் கோல்கள், நாட்டிலேயே அதிகம். அப்படியும் 1992 ஐரோப்பியக் கோப்பைக்கான இங்கிலாந்து அணியில் இடமில்லை. 1998 உலகக் கோப்பைக்கு முன் தொடைத்தசை காயம் வந்துவிட, பெரிய போட்டித்தொடர் எதிலும் ஆடாமலே 33 ஆட்டங்களோடு அவருடைய சர்வதேச வாழ்க்கை முடிந்தது. கிளப்பில் வேறு கதை. 1997 செப்டம்பர் 13 அன்று போல்டனுக்கு எதிராக, கிளிஃப் பாஸ்டினின் 178 கோல் சாதனையைக் கடந்தார். இதில் ஒரு வேடிக்கை: 178ஆவது கோலை அடித்ததுமே, உள்ளே போட்டிருந்த '179' எழுதிய பனியனைத் தூக்கிக் காட்டிவிட்டார். நல்லவேளை, சில நிமிடங்களில் கோல் கோட்டுக்கு அருகிலிருந்து தட்டிவிட்டுக் கணக்கை நேர்செய்தார். ஆர்சனலுக்கு மொத்தம் 185.

இத்தனை சாதித்த பிறகும் வசை நிற்கவில்லை. 2020இல், வீடியோ கேமில் தோற்ற ஆத்திரத்தில் அயர்லாந்துப் பையன் ஒருவன் ரைட்டுக்கு இன்ஸ்டாகிராமில் இனவெறிச் செய்திகளை அனுப்பினான். நீதிமன்றம் அவனைக் குற்றவாளி எனப் பதியாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டது. மறு ஆண்டு ஜூலையில் பெனால்ட்டி தவறவிட்ட மூன்று கறுப்பின இளைஞர்களை இங்கிலாந்து திட்டித் தீர்த்தது. அடுத்த மாதமே இங்கே, ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண்ணான வந்தனா கட்டாரியாவின் ஹரித்வார் வீட்டு வாசலில், அரையிறுதியில் அணி தோற்றதும் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதாக ஏசினார்கள் என்று குடும்பம் புகார் கொடுத்தது. அவரும் முன்களத்தில் கோல் அடிக்கும் ஆள்தான்.

அந்தப் பத்தாம் வகுப்புப் பையனிடம் நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: ரைட் உழைத்தார், சந்தேகமில்லை. அதே குடியிருப்பில் அவரோடு உழைத்த மற்றவர்களை எந்த ஆள்தேடுபவரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கவில்லை. அவன் யோசித்துவிட்டு, "அப்ப அந்த வாத்தியார் என்ன ஆனார்?" என்றான்.

சிட்னி பிக்டன் இறந்துவிட்டார் என்று யாரோ சொன்னதை ரைட் நெடுநாள் நம்பியிருந்தார். 2005 வாக்கில், காலியான ஹைபரி மைதானத்தில் கேமரா முன் பேசிக்கொண்டிருந்தவரின் பின்னால் வந்து நின்றார் முதியவர். திரும்பிய ரைட் தொப்பியைக் கழற்றினார், பள்ளிப் பிள்ளை மாதிரி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிக்டன் இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர். போர் முடிந்து பக்கிங்ஹாம் அரண்மனை மேல் பறக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவர். அதைவிட ரைட் இங்கிலாந்துக்கு ஆடியதுதான் தனக்குப் பெருமை என்று தன்னிடம் சொன்னதாக ரைட் ஒரு வானொலி நிகழ்ச்சியில் நினைவுகூர்ந்தார். 2017இல் பிக்டன் காலமானார்.

பி.எட். படிக்கும் தோழர்கள் சிலர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். அந்தக் காணொளி சில நிமிடங்கள்தான். பாருங்கள்.