கண்ணாடி முதல்ல, பெயிண்ட் அப்புறம்

அப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு பட்டறையில நிக்குது. 1961-லேர்ந்து மெட்ராஸ்லயே தயாரான வண்டிங்க அது. டிங்கர் வேலை முடிஞ்சதும் பெயிண்டர் ரெடி. நான்தான், "அண்ணே, முன் கண்ணாடியையும் பீடிங்கையும் ஒருதரம் மாட்டிப் பாத்துடலாம்"னேன்.

துரு வெட்டிப் புதுத் தகடு வெல்டு வெச்சா, சூட்டுல ஃபிரேம் கொஞ்சம் இழுத்துக்கும். கண்ணாடி வளையாது, அழுத்தினா விரிசல்தான். பெயிண்டுக்கப்புறம் தட்டினா பெயிண்டும் போச்சு!

கண்ணாடி விளிம்புல புது ரப்பரை மாட்டி, அதோட காடியில கயிறு விட்டு, சோப்புத்தண்ணி தடவி, உள்ளேயிருந்து கயித்தை இழுத்தோம். இடது மூலையில ரப்பர் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. கழட்டி, அந்த இடத்தை டிங்கர் நிமிர்த்தினார். மறுபடி மாட்டினா கச்சிதம். குரோம் பீடிங்கும் உக்காந்துடுச்சு.

"ஒரு நாள் போச்சே சார்"னு பெயிண்டர் முணுமுணுத்தார். போகட்டும். எழுபத்தெட்டு வயசுல, மழையில மடி நனையாம அப்பா ஓட்டணுமே :-)