தா.பழூரில் ஏது மேடு? அப்பாவின் முட்டிக்குத் தெரியும்!

இங்கிலாந்து சைக்கிள் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹேண்டில்பாரில் கேமராவை மாட்டிக்கொண்டு யாரோ ஒருவர் மூச்சு வாங்க மேட்டில் மிதிப்பார். வளைவு திரும்பியதும் தேன் நிறத்தில் கல் வீடுகள், பழைய தேவாலயம், கல்லை அடுக்கியே கட்டிய வேலி. அப்புறம் நீளமாக ஓர் இறக்கம். காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். பெரும்பாலும் அது காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறவர்கள் நிறைய பேர்.

அரியலூர் மாவட்டம் தா.பழூர் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவருக்கும் சென்னை விடுதி அறையில் அதுதான் ராத்திரி வழக்கம். வயது 26. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர், மாட்டுக் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த தன் பழைய சைக்கிளை வெளியே இழுத்தார். பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்தது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தில் வந்த வண்டி. முன்னால் கூடை உண்டு. கியர் கிடையாது. செயினில் துரு.

“ஏன்டி, உனக்கு வேற வேலை இல்லையா?” என்றார் அம்மா.

அம்மா கோபப்படக் காரணம் இருந்தது. அப்பா கொத்தனார். இருபது வருஷத்துக்கு மேல் தினமும் ஜெயங்கொண்டம் பக்கம் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வந்தார். கேரியரில் கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் போட்ட சாக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் இருட்டும் நேரத்தில் ஒரு லாரி உரசியதில் தொடை எலும்பு முறிந்தது. கால் கூடிவிட்டது. முட்டி மட்டும் முன்போல மடங்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் சைக்கிள் என்றாலே பேச்சு நின்றுவிடும். அப்பாவின் சைக்கிளை அம்மா பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். மகளுடையது கொட்டகையில் இருந்ததால் தப்பித்தது.

அப்பா தடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி பிரேக் கட்டையை மாற்றச் சொன்னார், செயினுக்கு எண்ணெய் விடச் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மேட்டுல மிதிப்பியா பாப்பா?”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. கொள்ளிடக் கரை ஊரில் ஏது மேடு? நெல் வயலும் வாய்க்காலுமாகத் தரை பாய் விரித்த மாதிரிதானே இருக்கிறது? பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறார், ஒரு நாளும் மேடு என்று தோன்றியதில்லை.

அப்பா விரலால் திண்ணையில் கோடு போட்டுக் காட்டினார். ஆற்றை விட்டு வடக்கே போகப் போக நிலம் ஏறுகிறது. முதல் மேடு சின்னது, இரண்டாவது நீளம், மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும். “ரசமட்டம் எல்லாம் வேணாம். முட்டியே சொல்லிரும்” என்றார்.

சுற்று முடிவானது. தா.பழூரிலிருந்து வடக்கே ஜெயங்கொண்டம், அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம், தெற்கே இறங்கி அணைக்கரை, பிறகு கொள்ளிடத்தை ஒட்டி மேற்கே வீடு. ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அம்மாவின் நிபந்தனை இரண்டு. விடிந்த பிறகுதான் கிளம்ப வேண்டும், ஒவ்வோர் ஊரிலும் நின்று போன் பண்ண வேண்டும்.

காலை ஆறரைக்குக் கிளம்பினார். சம்பா அறுவடை நேரம். சாலையின் ஒரு பக்கத்தில் நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். வாடைக்காற்று நேராக முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் தொடை கனத்தது. முதலில் செயின்தான் இறுகிவிட்டது என்று நினைத்து இறங்கிப் பார்த்தார். செயினில் ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தபோது வந்த சாலை கீழே கிடந்தது. அதிகம் இல்லை, சில அடிகள்தான். ஆனால் கீழே!

மண்ணும் அதற்கேற்ப மாறிக்கொண்டே வந்தது. ஆற்றின் வண்டல் முடிந்து செம்மண். வயல் முடிந்து முந்திரித் தோப்பு. பஸ் ஜன்னலில் இது வெறும் காட்சி. சைக்கிளில் வண்டல் எங்கே முடிகிறது என்பதைக் கால்தான் முதலில் சொல்கிறது. காட்ஸ்வோல்ட்ஸின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர்தான், நம் ஏற்காட்டில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் கியர் வைத்த வண்டியோடு அங்கே போகிறவர்கள் மூச்சு வாங்குகிறார்கள். மேடு எத்தனை உயரம் என்பதைவிட எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இரண்டாவது மேடு தாண்டியதும் லாரிகள் வந்தன. பின்னால் ஹாரன் கேட்டாலே மகள் மண் ஓரத்துக்கு இறங்கிவிடுவார். லாரி கடந்துபோகும் காற்றில் கூடை ஆடும். அப்பா இதை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இருபது வருஷம் செய்திருக்கிறார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த இடத்தில் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடியோவில் வரும் அந்தத் தேன் நிறம் சுண்ணாம்புக்கல்லின் நிறம், ஜுராசிக் காலக் கடலடியில் படிந்த கல். அரியலூர்ப் பக்கம் நிலத்தடியில் கிடப்பதும் சுண்ணாம்புக்கல்தான். அதற்கு அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. நத்தை மாதிரிச் சுருண்ட அம்மோனைட் புதைபடிமங்கள் இந்த மாவட்டத்தில் கிடைத்திருக்கின்றன, வாரணவாசியில் அவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கல்லை வெட்டி அப்படியே வீடாக அடுக்கினார்கள். இங்கே அதை அரைத்துச் சுட்டு சிமென்ட் ஆக்கி லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். அப்பா ஆயுசு முழுக்கக் குழைத்துப் பூசியது அந்தச் சிமென்ட்டைத்தான். அவரை உரசிய லாரியில் என்ன ஏற்றியிருந்தது என்று அவர் பார்க்கவில்லை.

மூன்றாவது மேட்டில் மகள் இறங்கிவிட்டார். தள்ளிக்கொண்டே ஏறினார். ஜெயங்கொண்டத்தில் டீ குடித்துவிட்டு அம்மாவுக்கு போன். “திரும்பி வந்துரு” என்றார் அம்மா. “இனிமே இறக்கம்தாம்மா” என்றார் மகள்.

கிழக்கே திரும்பியதும் வண்டி லேசானது. குருவாலப்பர்கோவில் பக்கம் பொன்னேரி. கங்கை வரை சென்ற வெற்றியின் நினைவாக ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் இதுதான். ஏரி என்பது கரையைப் பார்த்தால்தான் புரியும், அத்தனை பெரிது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானம் மரங்களுக்கு மேலே எட்டிப் பார்த்தது. தஞ்சைக் கோயிலைவிடச் சற்றே உயரம் குறைவு, சுமார் 55 மீட்டர். 2004-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமானது.

இந்தக் கோயிலின் மதில் கற்கள் எங்கே போயின என்பது பெரிய கதை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் ஆர்தர் காட்டன் கீழணையைக் கட்டியபோது, கோயிலைச் சுற்றியிருந்த கருங்கல் மதிலைப் பிரித்து எடுத்துப்போனார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள் என்றும், பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித்தருவதாகச் சொல்லப்பட்டு அது நடக்கவில்லை என்றும் 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. காட்டனைக் கொண்டாடுகிறவர்களும் திட்டுகிறவர்களும் இந்தப் பக்கம் ஒரே வீட்டில் இருப்பார்கள். வயல் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் மெதுவாகத் திட்டுவார்கள்!

கோயிலிலிருந்து அணைக்கரைக்குப் போகும் சாலை ஆற்றை நோக்கி இறங்குகிறது. மிதிக்க வேண்டிய தேவையே இல்லாத இடங்களும் உண்டு. அந்த மதில் கற்களும் ஏறக்குறைய இதே சரிவில்தான் போயிருக்க வேண்டும். வீடியோவில் கேட்கும் அந்தக் காற்றுச் சத்தம் மகளுக்கு இங்கே கேட்டது. கூடவே முந்திரிப்பூ வாசனை. அதை எந்தக் கேமராவும் பிடிக்காது.

அணையில் இறங்கி நின்று கல்லைத் தேடினார். பூச்சும் பாசியுமாக இருந்த சுவரில் எது கோயில் கல், எது புதுக் கல் என்று தெரியவில்லை. கொத்தனார் மகள் என்பதால் கல் சொல்லிவிடும் என்ற நினைப்பு ஒன்று இருந்தது. அப்பா வந்திருந்தால் தட்டிப் பார்த்தே ஏதாவது சொல்லியிருப்பார். மீன் வாங்கலாமா என்று யோசித்து, கூடையில் போட்டால் வீடு போவதற்குள் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார்.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஒரு பக்கம் கொள்ளிடம், மறுபக்கம் வயல். தரை சமம். காற்றும் இப்போது எதிரில் இல்லை. இந்தப் பக்கத்தில்தான் கோடாலிகருப்பூர் இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகச் சரிகை நெசவும் மெழுகுச் சாயமும் கை ஓவியமும் கலந்து சேலை செய்த ஊர். அரசு போனது, வாங்குவதற்கு ஆள் இல்லாமல் அந்தத் தொழிலும் போனது. இன்று கருப்பூர்ச் சேலையைப் பார்க்க வேண்டுமென்றால் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். காட்ஸ்வோல்ட்ஸில் பிபரி என்ற ஊரில் எல்லோரும் நின்று போட்டோ எடுக்கும் கல் வீட்டு வரிசையும் ஒரு காலத்தில் நெசவாளர் குடியிருப்புதான். அங்கே நெசவு போன பிறகும் வீடு நிற்கிறது, பார்க்க ஆள் வருகிறது. கருப்பூரில் மகள் நின்ற பத்து நிமிஷத்தில் ஒரு பெட்டிக்கடை அக்கா மட்டும்தான் விசாரித்தார். “சைக்கிள்லயா வந்த? எந்த ஊரு புள்ள நீ?”

பின் சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. அக்கா வீட்டுப் பையன் பம்ப் கொண்டுவந்து அடித்துக் கொடுத்தான்.

மதியம் ஒன்றரைக்கு வீடு. அம்மா வாசலில் நிற்கவில்லை, நின்றுவிட்டு அப்போதுதான் உள்ளே போயிருக்கிறார் என்பது ஈரம் காயாத கோலத்தில் பதிந்த கால் தடத்தில் தெரிந்தது. சாப்பாடு போடும்போதும் பேசவில்லை. அப்பாதான் கேட்டார்.

“மூணாவது மேட்டுல இறங்குனியா?”

“இறங்கித் தள்ளிட்டுத்தாம்ப்பா போனேன்.”

“நானும் அதுல இறங்கித்தான் தள்ளுவேன். ஒரு நாள்கூட மிதிச்சு ஏறுனதில்ல.”

“இத்தனை வருஷத்துல எங்கிட்ட சொன்னதே இல்லையே” என்றபடி அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தார்.